நடுவில் உட்கார்ந்தவர்கள்

பாகூர் என்றதும் புதுச்சேரிக்காரர்களுக்கு ஏரி நினைவுக்கு வரும். வரலாறு படிப்பவர்களுக்குச் செப்பேடும் நினைவுக்கு வரும். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், வெட்டப்பட்டது அது. வளையத்தில் கோத்த ஐந்து ஏடுகள்; பாதி வடமொழி, பாதி தமிழ். பாகூரில் இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்விக்கூடத்துக்கு, மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது.

மூன்று ஊர்! அங்கே விளைவதில் ஒரு பங்கு இந்தக் கல்விக்கூடத்துக்கு வரும். படிப்பவரும் படிப்பிப்பவரும் சோற்றுக்கு அலையாமல் ஓதலாம். இதைப் படிக்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே எங்கள் பக்கத்தில் ஒரு கல்லூரி! ஆனால் கூடவே ஒரு கேள்வியும் வரும். அந்த மூன்று ஊரில் ஏர் ஓட்டியவரின் பிள்ளை அந்தக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்குமா? அது வேதமும் சாத்திரமும் ஓதிய பிராமணர்களின் இடம். உழுதவருக்கும் அந்தப் படிப்புக்கும் இருந்த உறவு நெல்மூட்டையோடு முடிந்தது.

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறேன். கம்ப்யூட்டர் வந்தால் வாத்தியார் இருப்பாரா, செயற்கை நுண்ணறிவு வந்தால் பள்ளிக்கூடம் இருக்குமா என்று இப்போது எல்லா இடத்திலும் பேசுகிறார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்து வரலாற்றைப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒவ்வொரு கருவி வரும்போதும் ஒரு நாற்காலி காலியாகிறது. அறிவு ஒருபக்கம், ஊர் மறுபக்கம், நடுவில் அந்த நாற்காலி. அதில் யார் உட்காருகிறார், உள்ளே வர யாருக்கு வாசல் திறக்கிறது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை.

மணலும் சட்டாம்பிள்ளையும்

ஓலைச்சுவடிக் காலத்தில் புத்தகம் என்பது வாத்தியார்தான். ஒரு சுவடியைப் படி எடுக்க வேண்டுமென்றால் உட்கார்ந்து எழுத்தாணியால் கீற வேண்டும். ஆளுக்கொரு சுவடி என்பது நடக்காத காரியம். அதனால் வாத்தியார் சொல்வார், பிள்ளைகள் திரும்பச் சொல்வார்கள். அரிச்சுவடி, எண்சுவடி, நெல்லிலக்கம், பொன்னிலக்கம் எல்லாம் இப்படித்தான் மனப்பாடமாக ஏறின. எழுதிப் பழக மணல். தரையில் பரப்பி விரலால் எழுதினால் முடிந்தது.

திண்ணைப் பள்ளியில் இன்னொருவரும் இருந்தார்: சட்டாம்பிள்ளை. மூத்த மாணவன். வாத்தியார் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தருவது அவன் வேலை. இன்றைக்கும் யாராவது ரொம்ப அதிகாரம் பண்ணினால் ‘நீ என்ன பெரிய சட்டாம்பிள்ளையா?’ என்று கேட்கிறோம். அந்தச் சொல்லில் ஒரு கல்வி முறையே ஒளிந்திருக்கிறது. கற்பவனே கொஞ்ச நேரத்துக்குக் கற்பிப்பவன் ஆகிறான்.

இதைப் பார்த்து அசந்துபோன ஒரு வெள்ளைக்காரர் ஆண்ட்ரூ பெல். 1789 முதல் சென்னை எழும்பூரில் இருந்த ராணுவ அநாதைச் சிறுவர் இல்லத்தைக் கவனித்துக்கொண்டவர். நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, தன் பள்ளியிலும் அதையே செய்யச் சொன்னார். அங்கிருந்த ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. மணலில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பதா என்று நினைத்தார்களோ என்னவோ, நடக்கவில்லை. பெல் பார்த்தார், அரிச்சுவடி வகுப்பை ஒரு சிப்பாயின் எட்டு வயது மகனிடம் கொடுத்துவிட்டார். அந்தப் பையன் நடத்திக் காட்டினான். ஊர் திரும்பிய பெல் 1797ல் இதைப் பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. நம் திண்ணை அங்கே போய்ப் பள்ளிக்கூடமானது.

இந்தக் கதையில் நான் கவனிப்பது ஒன்றைத்தான். பழைய நாற்காலியில் இருந்தவர்கள் புதிய கருவியை வேண்டாமென்றார்கள். அப்போது ஆசிரியராக யாரும் நினைத்தே பார்க்காத ஒருவனுக்கு இடம் கிடைத்தது. இருநூறு வருஷம் கழித்து வில்லியனூர் பக்கத்தில் நடந்ததற்கும் இதற்கும் ஒரு சாயல் உண்டு.

படித்தவங்க, படிக்காதவங்க

அச்சுப் புத்தகமும் கரும்பலகையும் வந்தபோது வாத்தியாரின் வேலை மாறியது. எல்லார் கையிலும் ஒரே புத்தகம் இருந்தால் வாத்தியார் புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. விளக்குபவராகவும் பரீட்சை வைப்பவராகவும் ஆனார். கூடவே அரசு ஊழியரும் ஆனார். பிரெஞ்சுப் புதுச்சேரியில் 1909ல் தமிழாசிரியர் வேலையில் சேர்ந்த கனகசுப்புரத்தினம் 37 வருஷம் அந்த வேலை பார்த்தார். பாரதிதாசன் என்று நாம் அறிந்த அதே ஆள்தான்.

திண்ணையில் இருந்த பலவும் இதனால் நல்லபடியாக மாறின. சட்டப்படி எல்லார் பிள்ளைக்கும் பள்ளிக்கூட வாசல் திறந்தது. ஆனால் பரீட்சை என்ற கருவி ஊரை இரண்டாகவும் பிரித்தது. பத்தாவதில் ஒரு பாடத்தில் போன பெண் வீட்டோடு இருந்துவிடுவாள். படித்த எழுத்து அடுப்படியில் மறந்துபோகும். பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத அம்மாவோ ரேஷன் கடையில் கைநாட்டு வைப்பாள்.

1990ஐ ஒட்டிய வருஷங்களில் புதுச்சேரியில் அறிவொளி இயக்கம் நடந்தது. பெரிய கருவி எதுவும் இல்லை; சிலேட்டு, அரிச்சுவடி, விளக்கு. புதுவை அறிவியல் இயக்கத்தைச் சேர்ந்தவர்களும் இளைஞர்களும் ராத்திரியில் தெருவில் உட்கார்ந்து, தங்கள் அம்மா வயதுக்காரர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். வயசில் சின்னவர் சொல்ல, பெரியவர் கேட்க வேண்டும். நம் ஊரில் இது சாதாரண விஷயமில்லை. ‘தம்பி, கை நடுங்குது, எழுத வரல’ என்று ஒரு பாட்டி சொல்லும்போது கையைப் பிடித்து எழுதவைக்கிறவன் வாத்தியாரா, பேரனா? இரண்டும்தான். அடுத்து வந்த கருவிக்கு இந்தப் பழக்கம் ஒரு பாதையைப் போட்டுவைத்தது என்று நினைக்கிறேன்.

வில்லியனூரில் ஒரு நடுவம்

1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு, வில்லியனூரில் ஒரு நடுவத்தைத் தொடங்கியது. அங்கிருந்து சுற்றியுள்ள ஊர்களில் கிராம அறிவு மையங்கள். எம்பலம், கீழூர், வீராம்பட்டினம், பூரணாங்குப்பம் என்று ஒவ்வொன்றாக. கீழூர் என்றால் 1954 அக்டோபர் 18ல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர், இந்தியாவோடு இணையலாமா என்று வாக்களித்த அதே கீழூர். 170 பேர் சரி என்றார்கள், 8 பேர் வேண்டாமென்றார்கள்.

அந்தக் காலத்தை இன்றைய இளைஞர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிராமத்தில் போன் இருந்தாலும் லைன் நம்ப முடியாது. அதனால் மையங்களை வயர்லெஸ் ரேடியோவால் இணைத்தார்கள். பேச்சும் போகும், தகவலும் போகும். கரண்டு எப்போது போகும் என்று தெரியாது, அதனால் சோலார். தமிழில் தட்டச்சு செய்ய ஆளுக்கொரு விசைப்பலகை, ஆளுக்கொரு எழுத்துரு. தமிழ்99 விசைப்பலகை முடிவானதே 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டில்தான்.

கம்ப்யூட்டரை இறக்குவதற்கு முன்னால் அவர்கள் ஒன்றை விசாரித்தார்கள்: இந்த ஊர்களில் ஒருவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் யாரைப் போய்க் கேட்கிறார்? கடைக்காரரை, சந்தையில் பார்க்கிறவரை, உரக்கடைக்காரரை. பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பூச்சி விழுந்த நெல்லுக்கு என்ன மருந்து என்று மருந்து விற்பவரிடமே கேட்கிறோம். அதாவது நாற்காலி காலியாக இல்லை. அதில் விற்பவர் உட்கார்ந்திருந்தார்.

மையம் வைக்க ஊர் இடம் தர வேண்டும், பார்த்துக்கொள்ள ஆள் தர வேண்டும். எந்தச் சாதிக்காரரும், ஆணும் பெண்ணும், தடையில்லாமல் வந்துபோகிற இடமாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எம்பலத்தில் ஊர் கொடுத்த இடம் கோயிலைச் சேர்ந்த ஓர் அறை. 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இந்த ஊரைப் பற்றி எழுதியபோது முதலில் சுட்டியது இதைத்தான். கோயிலுக்கு ஒரு வாசல். அதற்குள் தலித்துகள் போக முடியாது, மாதவிலக்கான பெண்கள் போக முடியாது. அதே கட்டடத்தில் இன்னொரு வாசல். அதற்குள் யாரும் போகலாம். உள்ளே கம்ப்யூட்டர் இருந்தது.

பாகூர்ச் செப்பேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று மூன்று ஊர் சேர்ந்து ஒரு கல்விக்கூடத்துக்குச் சோறு போட்டது. இங்கே ஒரு நடுவம் பல ஊர்களுக்குத் தகவல் போட்டது. ஆனால் முதல் வாசல் அப்படியேதான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. கம்ப்யூட்டர் கோயில் கதவைத் திறக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு கதவு போட்டுக்கொடுத்தது, அவ்வளவுதான். சாதியைத் தொழில்நுட்பம் ஒழித்துவிட்டது என்று யாராவது எழுதினால் எம்பலத்தின் இரண்டு வாசலையும் சேர்த்தே காட்ட வேண்டும்.

நாற்காலியில் அந்தப் பெண்கள்

அந்த அறையில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் பள்ளிப்படிப்பு முடித்த பெண்கள். எம்பலத்தில் மையத்தை நடத்தியதே பெண்கள்தான். அவர்களுக்குக் கம்ப்யூட்டரும் தமிழ்த் தட்டச்சும் சொல்லிக்கொடுத்தார்கள். விதை, உரம், நெல் விலை, அரசுத் திட்டங்கள், ஆஸ்பத்திரி விவரம், பஸ் நேரம், பரீட்சை முடிவு என்று ஊர் எதைக் கேட்கிறதோ அதைத் திரட்டி வைத்துச் சொல்வது வேலை. ‘நம்ம ஊரு செய்தி’ என்றொரு சிற்றிதழும் வந்தது.

அந்த நியூயார்க் டைம்ஸ் கட்டுரையில் ஒரு பசு வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண். அவருக்கிருந்த ஒரே கறவை மாடு. கன்று போட முடியாமல் ஐந்து நாளாக அவதிப்படுகிறது. செய்தி மையத்துக்குப் போகிறது. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் இருந்த கால்நடை மருத்துவர்கள் பட்டியலை எடுக்கிறார். ஒருவர் வருகிறார், மாடு பிழைக்கிறது.

இதில் கம்ப்யூட்டர் செய்தது ஒரு பட்டியலை வைத்திருந்தது. மாட்டுக்காரம்மாவுக்கு அந்தப் பட்டியலைப் படிக்கத் தெரியாது. மருத்துவருக்கோ இப்படியொரு மாடு இருப்பதே தெரியாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். அந்த வேலைக்கு என்ன பெயர்? தன்னார்வலர் என்றார்கள், ஆபரேட்டர் என்றார்கள். எனக்கு அது வாத்தியார் வேலையாகத்தான் படுகிறது. எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்து, எதிரில் இருப்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லி, தப்பாகப் போனால் நாளைக்கு அதே தெருவில் பதில் சொல்ல வேண்டியவர் வேறு யார்?

வீராம்பட்டினத்தில் இது இன்னும் தெளிவு. மீனவ ஊர். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அலை உயரம் எவ்வளவு இருக்கும் என்ற முன்கணிப்பு வரும். நடுவத்தில் அதை எடுத்துத் தமிழாக்கி அனுப்ப, ஊரில் மைக் செட்டில் சொல்வார்கள். கடற்கரைத் தெருக்களில் குழாய் ஒலிபெருக்கி. யாரோ போர்க்கப்பலுக்காகக் கணக்கிட்ட எண், கட்டுமரக்காரர் காதில் தமிழில் விழுந்தது.

மைக்கில் பேசுபவருக்குக் கடலைத் தெரிய வேண்டியதில்லை. கேட்பவருக்கோ கடல்தான் வாழ்க்கை. காற்று வாடையா கொண்டலா, நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அவர் உடம்பிலேயே இருக்கும். இரண்டு மீட்டர் என்று மைக் சொன்னதைக் காலையில் அவர் கடலில் போய்ச் சோதித்துவிட்டு வருவார். வகுப்பில் வாத்தியார் மாணவனுக்குப் பரீட்சை வைப்பார். இங்கே மாணவன் தினமும் பாடத்துக்கே பரீட்சை வைத்தான். அறிவியல் தரும் எண்ணும் மீனவரின் அனுபவமும் ஒன்றையொன்று சரிபார்க்கிற மாதிரியான ஒரு வகுப்பறையை நம் பள்ளிகள் இன்னும் கட்டவில்லை.

இந்தத் திட்டம் 2001ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது வாங்கியது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

நல்லவாடு

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. தவளக்குப்பத்துக்குக் கிழக்கே நல்லவாடு. அங்கேயும் ஓர் அறிவு மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சுமத்ராவில் பூகம்பம், பேரலை என்ற செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். கடல் ஊருக்குள் வருகிறது என்று இங்கே சொன்னார்கள். எல்லாரையும் வெளியேறச் சொல்லுங்கள் என்றார் அவர். பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, மைக்கில் அறிவித்தார்கள். ஊர் ஓடியது. வீடுகள் போயின, படகுகள் போயின. ஊரில் இருந்த சுமார் 3,600 பேரும் தப்பினார்கள்.

இந்தக் கதையைத் தொழில்நுட்பத்தின் வெற்றி என்று பல இடங்களில் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் இதில் கம்ப்யூட்டருக்கு வேலையே இல்லை. ஒரு போனும் ஒரு மைக் செட்டும். அதைவிட முக்கியம், ஆறேழு வருஷமாகச் சுற்றுவட்டக் குப்பங்களில் மைக் சொன்னால் அது கடல் செய்தி, காது கொடுக்க வேண்டும் என்று பழகியிருந்தது. அவசர நேரத்தில் எந்தக் கதவை உடைக்க வேண்டும் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்ததில்லை. தினமும் சின்னச் சின்ன எண்ணாகச் சொல்லிச் சொல்லிச் சேர்த்துவைத்த சேமிப்பு அது. அந்தக் காலையில் மொத்தமாகச் செலவானது.

இப்போது நாற்காலியில் யார்?

இன்றைக்கு எம்பலத்தில் நெல் விலை பார்க்க யாரும் கோயில் அறைக்குப் போக வேண்டியதில்லை. பாக்கெட்டிலேயே இருக்கிறது. அலை எவ்வளவு என்பதும் போனில் வருகிறது. நல்லதுதான். அந்த இரண்டாவது வாசலுக்குக்கூட அவசியம் இல்லை, தனியாக வீட்டில் உட்கார்ந்தே படிக்கலாம். நடுவில் ஆள் வேண்டாம் என்பதுதான் இந்தக் கருவி தரும் வாக்குறுதி.

2020 ஊரடங்கில் அந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்த்தோம். வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். போன் கையில் இருந்த பிள்ளைகளோ ‘மிஸ், நீங்க மியூட்ல இருக்கீங்க’ என்று டீச்சருக்கே பாடம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்துக்குச் சட்டாம்பிள்ளை திரும்பி வந்தான்! ஆனால் சின்ன வகுப்புப் பிள்ளைகள் எழுத்தையே மறந்தார்கள். அடுத்த வருஷம் தமிழ்நாட்டு அரசு என்ன செய்தது? 2021 அக்டோபரில், புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில், ‘இல்லம் தேடிக் கல்வி’யைத் தொடங்கியது. தெருவுக்கு ஒரு தன்னார்வலர், பெரும்பாலும் பெண்கள், சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க. மாதம் 1,000 ரூபாய். ஆன்லைன் வகுப்பெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அதே நாற்காலியில், அதே மாதிரிப் பெண்களிடம்தான் வந்து நின்றது.

மாதம் ஆயிரம் ரூபாய் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாகூரில் படிப்பவருக்கும் படிப்பிப்பவருக்கும் மூன்று ஊர் கொடுத்தார்கள். அதைச் செம்பில் வெட்டி வைத்தார்கள். 37 வருஷம் வேலை பார்த்த தமிழாசிரியருக்கு அரசுச் சம்பளம் இருந்தது. அறிவொளியிலும் அறிவு மையத்திலும் வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாம் கொடுத்தது ‘தன்னார்வலர்’ என்ற பட்டம். இந்த இடத்துக்குப் பெண்கள் வந்தது பெரிய முன்னேற்றம். அவர்கள் வந்த பிறகு அந்த இடத்தின் சம்பளம் என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டு வேலை மாதிரி, பாசத்துக்காகச் செய்கிற வேலையாகவே அதை வைத்துக்கொண்டோம். நிதி நிற்கும் வரை திட்டம் நிற்கும். திட்டம் போனால் அந்தப் பெண் மறுபடியும் வீட்டுக்கு. அவளிடம் சேர்ந்திருந்த ஊரின் நம்பிக்கையும் கூடவே போய்விடும். எந்தச் சர்வரிலும் அதைச் சேமிக்க முடியாது.

இப்போது போனிடம் வாய்விட்டுத் தமிழிலேயே கேட்கலாம், பூச்சிக்கு என்ன மருந்து என்று. அழகாகப் பதில் சொல்கிறது. சில நேரம் தப்பாகவும் அதே அழகோடு சொல்கிறது. அந்தப் பதிலைக் கேட்டு மருந்தடித்துப் பயிர் கருகினால் யாரிடம் போய் நிற்பது? உரக்கடைக்காரரையாவது கடையில் போய்ப் பிடிக்கலாம். மையத்துப் பெண்ணைத் தெருவில் நிறுத்தி ‘என்னம்மா இப்படிச் சொல்லிட்ட?’ என்று கேட்கலாம். அவளும் வில்லியனூரைக் கூப்பிட்டு விசாரித்து நாளைக்கு வந்து சொல்வாள். திருப்பிக் கேட்க முடிகிற இடத்தில்தான் படிப்பு நடக்கும். ஒருவழியாக வந்து விழுவது அறிவிப்பு மட்டும்தான்.

அதனால் ஆசிரியர் இருப்பாரா போவாரா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. எந்தக் கருவி வந்தாலும், ஊரில் ஒருவர் அதைப் படித்து, சரிபார்த்து, நம் பேச்சில் சொல்லி, அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டியிருக்கிறது. அவர் சட்டாம்பிள்ளையாக இருக்கலாம், பத்தாவது படித்த அக்காவாக இருக்கலாம், அரசுப் பள்ளி டீச்சராக இருக்கலாம். அடுத்த கருவியை இறக்கும்போது, அது எத்தனை மொழி பேசும் என்று கேட்பதோடு இன்னும் மூன்று கேள்வியும் கேட்போம். அதை எந்த வாசலுக்குள் வைக்கப் போகிறீர்கள்? பக்கத்தில் யாரை உட்காரவைக்கப் போகிறீர்கள்? அவருக்கு என்ன சம்பளம்?